காலையில கடல், பின்னேரம் வாவி: அக்கா குடும்பத்துக்கு நான் போட்ட திட்டம்

வெளியிடங்களிலிருந்து எங்கட மட்டக்களப்புப் பக்கம் வருகிற ஆக்களில் நிறையப்பேர் கடலில் இறங்குவது பகல் பதினொரு மணிக்கு. விடிய வெளிக்கிட்டு, வழியில் நிண்டு சாப்பிட்டு, பாசிக்குடாவுக்கு வந்து சேர அந்த நேரமாகிவிடும். மணலில் கால் வைக்க ஏலாது. மேலே வெயில், கீழே தண்ணியில் பட்டுத் திரும்புகிற வெயில். மூன்று மணிக்குப் பிள்ளைகள் முகம் கறுத்து, கண் சிவந்து, அழுகையோடு வான் வண்டியில் ஏறும். மட்டக்களப்பைப் பார்த்தாச்சு என்று போய்விடுவார்கள். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது மனசுக்குக் கஷ்டமான விசயம்.

இந்த லீவுக்கு அக்கா குடும்பம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வருகிறது. அத்தான் ஏற்கனவே திட்டம் போட்டுவிட்டார்: ஒரு நாள் பாசிக்குடா, அடுத்த நாள் அறுகம்பே, அதற்கு அடுத்த நாள் ரயில். "அத்தான், அது பயணம் இல்ல, ஓட்டம்" என்று சொல்லிவிட்டு நான் வேறொன்று எழுதி அனுப்பினேன். அதைப் படித்த தோழி ஒருத்தி எல்லாருக்கும் பயன்படும், போடு என்றாள். அதுதான் இது.

என்ர திட்டத்துக்கு அடிப்படை ஒன்றே ஒன்று. காலையில் கடல், பின்னேரம் வாவி. எங்களுக்குச் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். ஆவணி மாதத்தில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பின். ஐந்தே முக்காலுக்கு மணலில் நின்றால் போதும். எட்டரை, ஒன்பது மணிவரை கடல் பிள்ளைகளுக்கு. அதற்குப் பிறகு நிழல், சோறு, நித்திரை. நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு மேற்குப் பக்கம் திரும்ப வேண்டும். மற்ற ஊர்க் கரைகளுக்கு இல்லாத பாக்கியம் எங்களுக்கு உண்டு: கடலுக்குப் பின்னாலேயே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நின்றுகொண்டு, மேற்கே படுவான்கரை வயல்களுக்கு மேலே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். ஒரே நாளில் கடலில் உதயம், தண்ணிக்கு மேலே அஸ்தமனம். இதை விட்டுவிட்டு நடுப்பகலில் கடலில் நிற்பது என்ன கணக்கு?

அடுத்தது காற்று. ஆனி, ஆடி, ஆவணியில் எங்களுக்குக் கச்சான் அடிக்கும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் சூடாக இறங்கி வருகிற காற்று. கொடியில் போட்ட துவாய் அரை மணித்தியாலத்தில் காய்ந்து விறைத்து நிற்கும். கச்சான் நேரத்தில் கடல் பார்க்கக் குளம் போலக் கிடக்கும். அதை நம்பித்தான் ஆக்கள் மோசம் போகிறார்கள். அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. காற்றடைத்த ரியூப், வாத்து, பந்து எல்லாவற்றையும் அது ஒரு கை பிடித்து இழுக்கிற மாதிரி வெளியே கொண்டுபோகும். பந்து போகட்டும். அதைப் பிடிக்க நீந்துகிற பிள்ளையையும், ரியூபுக்குள் இருக்கிற பிள்ளையையும் யோசித்துப் பாருங்கள். அக்காவின் சின்னவளுக்கு ஆறு வயது. பெரிய இளஞ்சிவப்பு ரியூப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாளாம். அதை வீட்டு முற்றத்தில் தண்ணி ஊற்றி விளையாட வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கடலுக்கு வராது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நத்தார் லீவோடு மார்கழியில் வந்து, "கடல் குளிக்க ஏலாமப் போச்சு" என்று கவலைப்படுகிறார்கள். மார்கழி எங்களுக்கு வாடைக்காற்றும் மழையும் வெள்ளமும். கடல் கலங்கிக் கொந்தளிக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையும்தான் எங்கட கடல் காலம். தெற்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் போய்ப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

முதல் இரண்டு இரவும் எங்கட வீட்டில், கல்லடியில். கல்லடிக் கடல் பார்க்கவும் நடக்கவும். சிறுசுகள் குளிக்க இல்லை. கரை சட்டென்று சரிந்து ஆழமாகும், அலை காலை வாரும். ஆனால் விடியக் கரைவலை இழுக்கிற நாளென்றால் அதைவிடப் பெரிய வேடிக்கை பிள்ளைகளுக்குக் கிடையாது. தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கும். இரண்டு பக்கமும் ஆக்கள் வரிசையாக நின்று கயிற்றை இடுப்போடு கட்டிப் பின்னுக்குப் பின்னுக்கு நடப்பார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டு முன்னுக்கு ஓடிப்போய்த் தண்ணிக்குள் மறுபடி பிடிப்பான். இரண்டு வரிசையும் மெல்ல மெல்லக் கிட்ட வரும். வலையின் மடி கரைக்கு வர வர மேலே காகமும் பருந்தும் கூடும். மடி மணலில் ஏறுகிற அந்த நிமிசம் கீரி மீனும் நெத்தலியும் துள்ளுகிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும். நடுவே ஒரு கணவாய் மையைக் கக்கிக்கொண்டு கிடக்கும். கேட்டால் பிள்ளைகளையும் கயிறு பிடிக்க விடுவார்கள். மீனை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்தால் காலைச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன் பொரியலும். அம்மா இப்போதே தேங்காய்க் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டா.

அங்கிருந்து வடக்கே நாவலடிப் பக்கம் நடந்தால் சுனாமி நினைவிடம் வரும். 2004 டிசம்பர் 26 இல் அந்தக் கிராமம் கடலோடு போனது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அலையில் சரிந்து நின்றதை ஊரே பார்த்தது. அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது, அது நடந்த பிறகு பிறந்தவன். அவனை ஒரு காலையில் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறேன். விளையாட வருகிற பிள்ளைக்கு எதற்கு இது என்று அக்கா கேட்டா. இந்தக் கரையில் விளையாடுகிற பிள்ளைக்குத்தான் இது தெரிய வேண்டும். கடல் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடாமல் மேட்டுக்கு ஓடு என்பது அவன் வாழ்நாளெல்லாம் மறக்கக்கூடாத பாடம்.

கல்லடியில் முதல் பின்னேரம் பழைய பாலம். 1924 இல் கட்டிய இரும்புப் பாலம். பக்கத்திலேயே புதுப் பாலம் வந்து வாகனமெல்லாம் அங்கே போய்விட்டதால் இதில் ஆறுதலாக நடக்கலாம். தண்ணிக்கடியில் பாடுகிறதாகச் சொல்கிற பாடுமீன் இந்தப் பாலத்தடியில்தான். நிலா நாளில், காற்று விழுந்த பிறகு, தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்கிற வழக்கம். வாகனச் சத்தம் அடங்கிய இரவாக இருக்க வேண்டும். மறுநாள் பின்னேரம் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம். 1913 ஆம் ஆண்டு வெளிச்சவீடு அது. வாவி கடலைத் தொடுகிற முகத்துவாரமும் அங்கேதான், கண்டல் மரக் காட்டுக்குள் படகிலும் போகலாம். அத்தானுக்குச் சரித்திரத்தில் விருப்பம் என்பதால் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கலாமா என்று கேட்டார். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் தாழ்த்திய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இந்தக் கடலுக்கடியில்தான் கிடக்கிறது. ஆனால் ஐம்பது மீற்றருக்கும் மேல் ஆழம், நன்றாகப் பயின்ற சுழியோடிகளுக்கு மட்டும். அத்தானுக்கு ஒல்லாந்தர் கோட்டை போதும். போர்த்துக்கேயர் கட்டியதை 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். சுவரிலேயே வாவி வந்து முட்டுகிறது.

பிறகு பாசிக்குடா. இங்கேதான் நான் அத்தானோடு கூடுதலாக வாதாடினேன். "வீட்டிலயிருந்து முப்பத்தஞ்சு கிலோமீற்றர்தானே, எதுக்குக் காசு குடுத்துத் தங்க வேணும்?" என்பது அவரது கேள்வி. ஒரு இரவாவது அங்கே தங்கினால்தான் விடியற்காலைப் பாசிக்குடா கிடைக்கும். குடாவுக்கு வெளியே பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டு இருப்பதால் அலை உள்ளே வருமுன்பே உடைந்துவிடும். தண்ணிக்குள் நடந்துகொண்டே போகலாம், வெகுதூரம் போன பிறகும் இடுப்பளவுதான். காலை ஆறரைக்குத் தண்ணி கண்ணாடி. சின்னவள் குனிந்து தன் கால்விரலை எண்ணலாம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வேறெந்தக் கடலிலும் இறங்கமாட்டா. பாசிக்குடாவில் மட்டும் ஒரு கையை என்னில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணியில் அரை மணித்தியாலம் நிற்பா. உப்புத்தண்ணி பாரத்தைத் தாங்குவதால் அந்த அரை மணித்தியாலம் அவவுக்கு நோவில்லை. அம்மாவின் முகத்தில் அப்போது வருகிற தெளிவுக்காகவே நான் அங்கே போவேன்.

சனி, ஞாயிறும் பௌர்ணமிப் போயா லீவும் அங்கே வேண்டாம். பஸ் பஸ்ஸாக ஆக்கள் வந்து இறங்கிவிடுவார்கள். செவ்வாய், புதன் நல்லது. படகு ஓடுகிற பக்கத்தை விட்டு விலகி, உயிர்காப்பாளர் நிற்கிற பக்கத்தில் இறங்க வேண்டும். பார் கிட்ட எவரும் போகக்கூடாது.

தங்குமிடம் பிடிக்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி வேறு: பெண்கள் உடுப்பு மாற்ற ஒதுக்கான இடமும், நல்ல தண்ணியில் குளிக்கக் குழாயும், வயதானவர் இருந்தெழும்பக்கூடிய மலசலகூடமும் கரைக்குக் கிட்ட இருக்கா? கடற்கரை பற்றி எழுதுகிற ஆண்கள் ஒருவரும் இதை எழுதுவதில்லை. நனைந்த சட்டையோடு துவாயைச் சுற்றிக்கொண்டு வானுக்குள் நெளிந்த பெண்களுக்குத் தெரியும், இது இல்லாவிட்டால் அந்த நாளே பாழ். இதற்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் நான் அறை பிடிக்கவில்லை.

பாசிக்குடாவிலிருந்து ஒரு காலை திருகோணமலை வீதியில் வடக்கே. காயான்கேணியில் கரைக்குக் கிட்டவே பவளப்பாறை உண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு மிதந்து பார்க்கலாம். காலால் மிதிக்கக்கூடாது, ஒரு துண்டும் எடுத்து வரக்கூடாது. கடற்சரணாலயமாக அறிவித்த இடம். உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவரோடு போவதே சரி. அங்கிருந்து பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி வாகரை. வாகரையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, அதற்காகத்தான் போகிறோம். ஆளில்லாத நீட்டுக் கரை. நண்டும் இறாலும் வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். கல்குடாவும் அப்படித்தான், பின்னேரம் நடக்க நல்லது.

இனித் தெற்கு. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றர் சொச்சம். மூன்று மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார் அத்தான். போகலாம். ஆனால் அந்த வீதியே பாதிப் பயணம். காத்தான்குடியில் நடுவீதியில் ஈச்சை மரங்கள் நிரையாக நிற்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கல்லாற்றில் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் நாங்கள். மருதமுனையில் கைத்தறிச் சத்தம் கேட்கிற ஒரு வீட்டுக்குள் போய் அத்தானுக்கு ஒரு சாரமும் அக்காவுக்கு ஒரு சேலையும் எடுக்கலாம். காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணும் கண்ணகை அம்மன் கோயிலும். ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிவாசலும் மாறி மாறி வருகிற அந்த வீதியில் ஓடுகிற வானில் நித்திரை கொள்கிறவர்களை எனக்குப் பார்க்கவே பிடிக்காது.

நான் இன்னுமொரு கிளைப்பாதையும் வைத்திருக்கிறேன். களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட இருக்கிற குருமண்வெளியில் இறங்கி, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர் முருகன் கோயிலுக்குப் போய் வருவது. மோட்டார் சைக்கிளும், பள்ளிப் பிள்ளைகளும், நெல் மூட்டையும், சில நேரம் ஒரு ஆடும் ஒரே தட்டில் மிதந்து அக்கரைக்குப் போகும். கொழும்புப் பிள்ளைகளுக்கு எந்தக் காசு கொடுத்த படகுச் சவாரியும் இதற்கு ஈடில்லை. போகிற நாளில் ஓடுகிறதா என்று முதல்நாள் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது படுவான்கரை எருமைத் தயிர் ஒரு சட்டி.

திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கரை கொள்ளாத சனம் வரும். அந்த நாளோடு பயணம் பொருந்தினால் வீதியில் நேரம் போகும், ஆனால் தவற விடாதீர்கள். அம்மாவுக்காகக் காலைப் பூசைக்கு நிற்கிற மாதிரி நேரம் வைத்திருக்கிறேன்.

அறுகம்பே, எங்கட வாயில் உல்லை. இது முழுக்க முழுக்க அக்காவின் மகனுக்கு. அலைச்சறுக்கு பழக வேண்டும் என்று ஒரு வருசமாகச் சொல்கிறான். அவன் படங்களில் பார்த்த நீட்டு அலை மெயின் பொயின்டில் உடைகிறது. கீழே பாறை, பழகாதவர் போகிற இடமில்லை. பழகுகிறவர்களுக்குப் பேபி பொயின்ட் உண்டு, விஸ்கி பொயின்டும் உண்டு. ஊர்ப் பொடியன்மாரே பழக்குகிறார்கள். அலையையும் நீரோட்டத்தையும் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்கள். பகல் ஏற ஏறக் காற்று எழும்பி அலையைக் குழப்பிவிடும் என்பதால் இங்கேயும் காலைதான். ஆடி, ஆவணி உச்ச காலம். அறைகளுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். அவன் பலகையோடு போகிற நேரத்தில் மற்றவர்கள் பொத்துவில் களப்புக்குத் தோணியில். கண்டல் வேருக்குள் முதலை படுத்திருப்பதைத் தோணிக்காரர் காட்டும்போது சின்னவள் அத்தானின் மடியைவிட்டு இறங்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக உகந்தை. உல்லையிலிருந்து பாணமை வரை நல்ல வீதி, அதற்கப்பால் காடு. யானை குறுக்கே வரும், ஆகவே வெயில் இருக்கும்போதே போய்த் திரும்பிவிட வேண்டும். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்கள் குமண காட்டுக்குள் இறங்குமுன் தங்குவது இந்த முருகன் கோயிலில்தான். கடலோரப் பாறையில் முருகன், மேலே மலையில் வள்ளியம்மன். அங்கே கடல் குளிக்கிற கடல் இல்லை. அலை பாறையில் மோதுவதைப் பார்க்கிற கடல். எங்கட பெத்தா, அதாவது பாட்டி, இளவயதில் வாகரைப் பக்கத்திலிருந்து இந்தக் கரை முழுவதையும் நடந்தே கதிர்காமம் போனவ. நான் மேலே எழுதிய ஊரெல்லாம் அவவின் காலடி பட்ட ஊர். உகந்தைப் பாறையில் அம்மாவை உட்கார வைத்து, பெத்தா போன பாதையைப் பிள்ளைகளுக்கு அம்மாவின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தில் எனக்கு மட்டுமான ஆசை.

அத்தான் இரண்டு நாளுக்குப் பிறகு பதில் போட்டார்: "சரி, லீவைக் கூட்டி எடுக்கிறன். ஆனா விடிய அஞ்சரைக்கு என்னை எழுப்பாதீங்க." அவர் படுக்கட்டும், பிள்ளைகளை எழுப்பினால் போதும்.

வருகிறது உதயதேவி ரயிலில். காலையில் கொழும்புக் கோட்டையில் ஏறினால் பின்னேரம் மட்டக்களப்பு. பொலன்னறுவை தாண்டி மகாவலியைக் கடந்த பிறகு காடும் வயலும். வாழைச்சேனை வந்தால் உப்புக்காற்று மூக்கில் ஏறும். நேர அட்டவணையைக் கிளம்புமுன் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு நான் அனுப்பிய சாமான் பட்டியலில் பருத்தி உடுப்பு, ஆளுக்கு ஒரு தொப்பி, முழுக்கை சட்டை, அம்மாவின் முழங்கால் எண்ணெய். கோயிலுக்கும் ஊர்க் கரைகளுக்கும் போட மரியாதையான உடுப்பு இரண்டு. தண்ணிப் போத்தல் வாங்கிக் கரையில் எறியாமல், வீட்டிலிருந்தே பெரிய போத்தலில் நிரப்பிக்கொண்டு போவோம். தயிரும் நண்டும் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வெறும் கையோடு வா அக்கா.